சாவுக்கு முன்னால் வந்த விளம்பரம்

“வந்துட்டுது மேடம்! விக்கு வந்துட்டுது!”

கமலக்கண்ணன் துள்ளிய துள்ளலில் பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. சாவு விழுந்த வீட்டில் இப்படிக் கத்தக் கூடாது என்பது கத்தி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கையிலிருந்த போனை வைஜெயந்தியிடம் நீட்டினான்.

போன் அவனுடையதல்ல, அந்த வீட்டுக்கார அம்மா அமுதத்துடையது. சீரியல் தொடங்குவதற்கு முன்னால் அதில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வழுக்கைத் தலையர் ஒருவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் சுருட்டை முடியோடு சிரித்தார்.

வைஜெயந்தி அந்தத் தலையைப் பார்த்தாள். பிறகு கமலக்கண்ணனின் தலையைப் பார்த்தாள். விக்கு வைப்பதற்கு முன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“குதிரை வந்துதா?”

“வரவே இல்ல மேடம். நேத்துலேர்ந்து இந்தம்மா எதைத் தொட்டாலும் விக்குதான். குதிரையோட வாலுகூட வரல.”

“நல்லா பாத்தியா?”

“என் தலை மேல சத்தியமா.”

“அதுல சத்தியம் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் வைஜெயந்தி. சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோதுதான் வேலை நகர்கிறது என்று அர்த்தம்.

வைஜெயந்தி சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வில்லியனூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கமலக்கண்ணன் திருக்கனூரில் செல்போன் கடை நடத்தி, அது படுத்துவிட்டதால் அவளிடம் வந்து சேர்ந்தவன். சம்பளம் குறைச்சல், வாய் அதிகம்.

இந்தக் கேஸ் கையில் வந்ததிலிருந்து அவன் வாய்க்கும் அவ்வளவாக வேலை இல்லை. அப்படிப்பட்ட கேஸ்.

அபிஷேகப்பாக்கத்தில் நெல்லும் கரும்பும் போட்டுக்கொண்டிருந்த உலகநாதன், ஒரு விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போய் மோட்டார் கொட்டாயின் இரும்புக் கதவில் கை வைத்தார். வைத்த கை வரவில்லை. உயிர்தான் போனது. மழைக்காலம், ஈர மண், பழைய ஒயர் என்று ஊர் அதை விபத்தாகவே எடுத்துக்கொண்டது. பாரிசில் இருந்த மகள் செல்வகுமாரி வந்து சேருகிற வரைக்கும் உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, அவள் முகம் பார்த்த பிறகு எரித்தார்கள். எல்லாம் முடிந்து மோட்டாரைச் சரி பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன்தான் கொட்டாய்க்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தான். யாரோ ஒயரைச் சீவி, கதவின் கீலில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள்.

போலீஸ் வந்தது. பக்கத்து வீட்டு தாயாரம்மாள் கேட்காமலேயே வாயைத் திறந்தாள். “அண்ணன் சாவறதுக்கு முன்னாடியே அமுதம் போன்ல ஐஸ் பெட்டி விளம்பரம் வந்துதுங்க. ரெண்டு பேரும் சீரியல் பாத்துக்கினு இருந்தோம். இன்னாடி இது, அபசகுனமா கீதேன்னு நான்கூட சொன்னேன்.”

சாவு விழாத வீட்டுக்கு ஐஸ் பெட்டி விளம்பரம் எதற்கு வருகிறது? யாரோ முன்கூட்டியே தேடியிருக்கிறார்கள். ஒரே வைஃபையில் ஒருத்தர் தேடினது இன்னொருத்தர் போனில் வந்து நிற்பது இன்ஸ்பெக்டர் வீட்டிலும் நடக்கிற கூத்துதான். இந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் மகன் முத்துக்குமரன் ஒருத்தன். எலெக்ட்ரிகல் டிப்ளமோ வேறு. அப்பனும் மகனும் கொஞ்ச நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததையும், உள்ளேயிருந்து அப்பன் குரல் உயர்ந்ததையும் தெருவே கேட்டிருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், பிரவுசரில் ஆட் பிளாக்கர் என்று ஒரு எக்ஸ்டென்ஷன். விளம்பரம் வராது. நாம் எங்கே போகிறோம், எதைப் பார்க்கிறோம் என்று பின்னாலேயே வேவு பார்க்கிற டிராக்கர்களும் அண்டாது.

“மறைக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்குய்யா இதெல்லாம் போடறான்?” என்றார் இன்ஸ்பெக்டர். முத்து உள்ளே போனான்.

அன்று காலை சிறையில் அவனைப் பார்த்துவிட்டுத்தான் இருவரும் இங்கே வந்திருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பையன் ஒரே பாட்டைத்தான் பாடினான். “நான் செய்யல. ஆனா லேப்டாப்புல அப்பாவும் நானும் இன்னா பண்ணோம்னு சொல்ல மாட்டேன். எங்கம்மாகிட்டயும் நீங்க எதுவும் கேக்காதீங்க.”

தன்னைக் காப்பாற்ற வந்தவர்களிடமே வாயை மூடிக்கொள்கிற பயலை என்ன செய்வது? கமலக்கண்ணனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சமையல் கட்டிலிருந்து அமுதம் டீ கொண்டு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு, தன் போனை வாங்கி, மைக் படத்தை அமுக்கி, “இன்னிக்கு ராவு காலம் எப்போ?” என்று கேட்டாள். போன் பதில் சொன்னது. “எழுத வராது எனக்கு. வாயால கேட்டா சொல்லுது,” என்றாள் கமலக்கண்ணனிடம். “இன்னா தம்பி கத்தினீங்க?”

“உங்க புள்ளைக்கு நல்ல சேதிம்மா.” அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “நேத்து உங்க வைஃபையில ரெண்டு வேலை பண்ணேன். என் போன்ல விக்கு தேடினேன். அதுல ஆட் பிளாக்கர் கிடையாது. அப்பறம் என் லேப்டாப்புல, உங்க பையன் வெச்சிருக்கற அதே ஆட் பிளாக்கரைப் போட்டுட்டு, கல்யாணத்துக்கு குதிரை வாடகைன்னு தேடினேன்.”

“குதிரை எதுக்கு?”

“எனக்குப் பொண்ணு கிடைச்சா வர்றதுக்கு. இன்னிக்கு உங்க போன்ல விக்கு வந்துது, குதிரை வரல. புரியுதா?”

அமுதத்துக்குப் புரியவில்லை. வைஜெயந்தி எடுத்துச் சொன்னாள். “அக்கா, உங்க பையன் அந்த லேப்டாப்புல எதைத் தேடியிருந்தாலும் அது வெளிய கசிஞ்சே இருக்காது. அவன் போன் பிரவுசர்லயும் அதையேதான் போட்டு வெச்சிருக்கான். அவன் ஐஸ் பெட்டி தேடியிருந்தா உங்க போன்ல விளம்பரம் வந்திருக்கவே கூடாது. விளம்பரம் வந்துதுங்கறதுதான் அவன் தேடலங்கறதுக்குச் சாட்சி. இன்ஸ்பெக்டர் தலைகீழா புரிஞ்சிக்கினாரு. கதவைச் சாத்திக்கினு குளிக்கறவன் எல்லாம் திருடனா?”

அமுதத்தின் முகம் மலர்ந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது கமலக்கண்ணனுக்கு, அவ்வளவு மலர்ச்சி.

“போன தீபாவளிக்கு எனக்குத் தெரியாம சேலை பாத்தாம்மா. அன்னிக்கே அந்தச் சேலை என் போன்ல வந்து நின்னுது. அரக்கு கலரு. ஏன்டா இவ்ளோ வெலையிலன்னு நான் கேட்டுட்டேன். அவனுக்கு மூஞ்சே செத்துப்போச்சு. அப்பறந்தான் அந்த விளம்பரத்தத் தடுக்கற சமாச்சாரத்தைப் போட்டான்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அப்போ என் புள்ள இல்லன்னு ஆயிடுச்சா? வுட்டுடுவாங்களா?”

“விக்கையும் குதிரையையும் வெச்சிக் கோர்ட்டுல நிக்க முடியாது அக்கா. செஞ்சது யார்னு காட்டணும்.”

“யாரா இருந்தா எனக்கு இன்னாம்மா? அது வாணாம். என் புள்ள இல்லன்னு மட்டும் சொல்லிடு, போதும்.”

வைஜெயந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீயை எடுக்கவே இல்லை.

உள் அறை வாசலில் செல்வகுமாரி வந்து நின்றாள். அப்பா சாவுக்கு வந்தவள், தம்பியை இந்த நிலையில் விட்டுவிட்டுத் திரும்ப மனசில்லாமல் தங்கியிருக்கிறாள். பூரணாங்குப்பத்து மீனவர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவள். அப்பன் அதோடு மகளைத் தலை முழுகியிருந்தார்.

“சித்தப்பாவை விசாரிச்சீங்களா?” என்றாள். “வரப்புத் தகராறுல அப்பாவை வெட்டுவேன்னு சொன்னவரு.”

கமலக்கண்ணன் அதற்குள் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

சித்தப்பா சாமிக்கண்ணு கரும்புக் கொல்லையில் நின்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதுமே கமலக்கண்ணன் ஆரம்பித்துவிட்டான்.

“ஐயா, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க.”

“நீ யாருடா?”

“வெட்டுவேன்னு சொன்னவங்ககிட்ட போனைக் கேக்கற ஆளு.”

சாமிக்கண்ணு முறைத்தார். வைஜெயந்தியைப் பார்த்ததும் குரல் இறங்கியது. இடுப்பிலிருந்து போனை உருவிக் கொடுத்தார். பட்டன் போன், நம்பரெல்லாம் தேய்ந்து போயிருந்தது. கமலக்கண்ணனுக்குக் காற்று இறங்கியது.

“வேற போன் இருக்கா?”

“இதுக்கே சார்ஜ் போட மறந்துடறேன். ஏம்மா, வெட்டுவேன்னு சொன்னேன், சொல்லலங்கல. வாய் வார்த்தைக்குச் சொல்றதுதானே! எங்க அண்ணன் செத்தன்னிக்கு முதல்ல ஓடினது நான்தான். ஐஸ் பெட்டிக்கு எங்க போறதுன்னு நான் முழிக்கறேன், அண்ணிதான் கடகடன்னு நம்பரைச் சொன்னாங்க. வில்லியனூர் கடை. இந்தப் போன்லதான் பேசினேன்.”

“போனைப் பாத்துச் சொன்னாங்களா?” வைஜெயந்தியின் குரலில் ஒன்றும் இல்லை.

“பாக்கல. மனப்பாடமா சொன்னாங்க. பெரியாஸ்பத்திரியில வெச்சிடலாம் அண்ணின்னு நான் சொன்னேன். வாணவே வாணாம், அறுத்துடுவாங்க, பொண்ணு வந்து முகத்தைப் பாக்கணும்னாங்க.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த நேரத்துலயும் அண்ணிக்கு இன்னா தெளிவு பாருங்க!”

திரும்பி வரும்போது மதகு ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள் வைஜெயந்தி. கமலக்கண்ணன் நிறுத்தினான்.

“அந்த ஆளு வைஃபை பக்கமே போயிருக்க மாட்டாரு மேடம். அப்போ வெளியாளு யாரும் இல்ல. இல்லன்னா யாராவது வந்து பாஸ்வேர்ட் வாங்கி...”

“அந்தப் பையன் யாருக்கும் குடுக்க மாட்டான். விளம்பரத்துக்கே கதவு சாத்தற பையன். வூட்டுக்குள்ள எத்தினி பேரு இருந்தாங்க கமலா?”

“உலகநாதன். அவரு கையிலயும் பட்டன் போன்தான். அப்பறம் முத்து. அவன் தேடினா வெளிய வராது. அப்பறம்...” அவன் நிறுத்திக்கொண்டான். “மேடம், வாணாம் மேடம். அந்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்க.”

“எழுதணுமா இன்னா? வாயால கேட்டா சொல்லுது.”

கமலக்கண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். “நம்மளை வெச்சதே அவங்கதானே!”

“புள்ளைய வெளிய கொண்டு வர்றதுக்கு வெச்சாங்க. ஆளைப் புடிக்கறதுக்கு வைக்கல. முதல் நாளிலேர்ந்து அதைத்தானே சொல்லிக்கினு இருக்காங்க.”

“நாம கண்டுபுடிச்சது பையன் இல்லன்னு. அதோட நிறுத்திக்கிட்டா இன்னா கெட்டுப்போவுது?”

“பையன் உள்ளயே கிடப்பான். அது கெட்டுப்போவுது. எடு வண்டியை.”

அவர்கள் போனபோது அமுதம் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வைஜெயந்தி அவள் எதிரில், தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கமலக்கண்ணன் தூணோரம் நின்றான். உட்கார அவனுக்குத் தோன்றவில்லை.

“அக்கா, உங்க போனைத் திறந்தா நீங்க அதுகிட்ட கேட்டதெல்லாம் உள்ள இருக்கும். பாக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆவாது. நான் பாக்கல. நீங்களே சொல்லுங்க.”

அமுதம் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. காம்பு தனியாக, இலை தனியாக விழுந்துகொண்டே இருந்தது.

“நான் சொன்னா முத்து வந்துடுவானா?”

“வந்துடுவான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா அக்கா.”

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். “போன மாசம் பொண்ணுக்குக் கரு கலைஞ்சிடுச்சு. அங்க ஆஸ்பத்திரியில ஒண்டியா கிடந்தா. அம்மா அம்மான்னு போன்ல அழுவறா. நான் போவ முடியுமா? அவளைத்தான் இங்க வாடின்னு சொல்ல முடியுமா? பேத்திக்குப் பல்லு விழுந்து முளைச்சாச்சு, நான் தொட்டதில்ல. அவரு கால்ல வுழுந்தேன்மா. இவ்ளோ வருஷத்துல மொத வாட்டி கால்ல வுழுந்து கேட்டேன். என் உடம்புல உயிரு இருக்கற வரைக்கும் அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னாரு. வேட்டியை உதறிக்கினு போயிட்டாரு.”

தள்ளி வைத்த முறத்திலிருந்து ஒரு காம்பை எடுத்தாள்.

“உயிரு இருக்கற வரைக்கும்னு தானே சொன்னாருன்னு நினைச்சேன்.”

கமலக்கண்ணன் தூணை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். இவ்வளவு அமைதியாக ஒருத்தி இதைச் சொல்ல முடியுமா? அவள் அழுதிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“காலம் பூரா அந்த மோட்டாரை நான்தானே போட்டு நிறுத்தினேன். எது தொட்டா அடிக்கும்னு எனக்குத் தெரியும். அவ வர்றதுக்கு ரெண்டு மூணு நாளு ஆவும், அது வரைக்கும் வெச்சிருக்கணுமேன்னுதான் பெட்டிக்குக் கேட்டேன். அவரு முகத்தை அவ பாக்கணும். பெத்த அப்பன் இல்லையா? அதை வுட்டா எனக்கு வேற நினைப்பே வரல. அந்தப் பாழாப்போன விளம்பரம் வந்து நிக்கும்னு கண்டேனா? புள்ளையப் புடிச்சிக்கினு போவாங்கன்னு கண்டேனா?”

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. செல்வகுமாரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதிலிருந்து நின்றாளோ, தெரியவில்லை.

“அம்மா,” என்றாள். மறுபடியும், “அம்மா, அப்பா எங்கிட்ட பேசினாரும்மா.”

அமுதம் திரும்பிப் பார்த்தாள்.

“நீ கால்ல வுழுந்தியே, மறுநாளே தம்பிகிட்ட கேட்டாராம். உங்கக்காவைக் காட்டுடான்னு. லேப்டாப்புல வந்தாரு. கதவைச் சாத்திக்கினு உக்காந்து கத்திக் கத்தி அழுதாரும்மா. பாப்பாவைப் பாத்துட்டுப் பேச்சே வரல. வந்துடு கண்ணுன்னாரு. உங்கம்மாகிட்ட சொல்லாத, நீ வாசல்ல வந்து நிக்கும்போது அவ மூஞ்சை நான் பாக்கணும்னாரு.” அவள் தம்பியின் அறைப் பக்கம் பார்த்தாள். “தம்பி தினம் ஃப்ளைட் டிக்கெட் பாத்தான். உன் போன்ல விளம்பரம் வந்து நீ கண்டுபுடிச்சிடுவன்னுதான், சேலை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான், அந்த ஆட் பிளாக்கர் இல்லாம எதையும் தொட மாட்டான். டிக்கெட் போட்டாச்சும்மா. பொங்கலுக்கு நாங்க வர்றதா இருந்தோம்.”

கமலக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு ஃப்ளைட் விளம்பரம், பாரிஸ் டு சென்னை என்று ஒரே ஒரு தடவை, அந்த அம்மாவின் போனில் தப்பித் தவறி வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. எத்தனையோ கருமம் வருகிறதே, இது ஒன்று வந்திருக்கக் கூடாதா?

“அவரா வரச் சொன்னாரு?” என்றாள் அமுதம்.

“ஆமாம்மா.”

“அவரேவா?”

செல்வகுமாரி தலையை ஆட்டினாள்.

அமுதத்தின் கை தரையைத் தடவியது, பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிற கை. வைஜெயந்தி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டி, வந்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லல?”

“தம்பிதான் சொல்லக் கூடாதுன்னான். பெட்டிகிட்ட நின்னு அழுதுக்கினு இருந்தப்போ காதுல வந்து சொன்னான். அப்பா நம்மகிட்ட பேசினது அம்மாவுக்குத் தெரியவே கூடாதுக்கா, எந்தக் காலத்துலயும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். ஏன்னு எனக்கு அப்போ புரியல.”

அமுதத்துக்குப் புரிந்தது. ஐஸ் பெட்டி நம்பரை அவள் மனப்பாடமாகச் சொன்னபோதே மகன் கண்டுகொண்டுவிட்டான்; அப்பன் மனசு மாறியது தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள் என்றுதான் மறைத்திருக்கிறான். கணவன் செத்த அன்று வராத அழுகை, போலீஸ் மகனை இழுத்துக்கொண்டு போன அன்றுகூட முழுசாக வராத அழுகை, இப்போது அடி வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. பக்கத்து வீட்டில் தாயாரம்மாளின் டிவி நின்றது. செல்வகுமாரி அம்மாவிடம் போகவில்லை. நிலைக்கதவை விட்டு நகர அவளால் முடியவில்லை.

வைஜெயந்தி அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கமலக்கண்ணன் வெளியே போய், இன்ஸ்பெக்டரின் நம்பரை எடுத்து, அமுக்காமல் வைத்துக்கொண்டு நின்றான்.

அழுகை ஓய்வதற்கு முன்பே அமுதம் எழுந்தாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை. ஆய்ந்த கீரையை மட்டும் முறத்தோடு எடுத்து மகளின் காலடியில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கமலக்கண்ணனிடம் வந்தாள்.

“வண்டியை எடு தம்பி, சீக்கிரம் போவலாம். எல்லாம் தெரிஞ்சிக்கினு என் புள்ள அங்க ஒண்டியா உக்காந்துக்கினு கீறான்.”